துரை போடும் சலாம்

காலையில் துரை கண் விழித்துவிட்டால் அந்த வீட்டில் வேறு வேலை ஓடாது. அடுப்பை அணைத்துவிட்டு அம்மாக்காரி ஓடி வருவாள். சட்டைப் பித்தானைப் போட்டும் போடாமலும் அப்பன்காரன் வந்து நிற்பான். துரைக்கு ஆறு மாதம் முடியப் போகிறது. எல்லாரையும் காத்திருக்க வைக்கிறான் என்பதால் அப்பன் வைத்த செல்லப் பெயர் அது. மெத்தையில் மல்லாந்து கிடக்கும் துரையின் இரண்டு கைகளும் திடீரென்று மேலே எழும்பும். தலை முன்னால் குனியும். கால்கள் வயிற்றை நோக்கி மடங்கும். எல்லாம் ஒரு கண் சிமிட்டல்தான், பிறகு உடம்பு தளர்ந்து பழையபடி ஆகிவிடும்.

"சலாம் போட்டுட்டாரு துரை!" என்று அம்மாக்காரி கைதட்டுவாள். குனிந்து பதில் சலாம் போடுவாள். சற்றுப் பொறுத்து இன்னொன்று வரும். அதற்கும் ஒரு பதில் சலாம். பிறகு இன்னொன்று. நடுநடுவே துரை சிணுங்கினால், "பதில் வர லேட்டாச்சுன்னு கோவம்" என்பாள்.

அப்பன்காரனும் கூடவே சிரிப்பான். சிரிக்கும்போதும் அவன் கண் துரையின் கைகளை விட்டு நகராது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்ட்டுகளையெல்லாம் ஓட வைக்கிறவன் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டிடத்தின் நாலாவது மாடியில். அதைச் சொல்லி அவனைக் கிண்டல் செய்யாத ஆள் அந்தக் கட்டிடத்தில் கிடையாது. தொழில் அவனுக்குள் ஒரு புத்தியைப் படிய வைத்திருந்தது. உயிருள்ள எதுவும் ஒரு காரியத்தை அச்சு அசலாக இரண்டு தடவை செய்யாது. அதே அளவில், அதே இடைவெளியில், ஒன்று திரும்பத் திரும்பக் குலுங்குகிறதென்றால் எங்கோ பழுது. துரையின் சலாம் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. நேற்று விளையாட்டுக்கு அவன் துரையின் இரு கைகளையும் மெல்லப் பிடித்துக்கொண்டு பார்த்தான். பிடித்த கைக்குள்ளேயே அது வந்தது. யாரோ உள்ளேயிருந்து இழுத்தது போல வந்தது.

'குழந்தை என்னடா, லிஃப்டா?' என்று தன்னையே திட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.

இதை வீட்டில் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்கலாம். சொல்ல முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது. அது அவன் பெண்டாட்டி.

பிரசவம் சுகமாகத்தான் ஆனது. வீட்டுக்கு வந்த பிறகுதான் அவள் சுவரைப் பார்த்துப் படுத்தாள். குழந்தை வீறிட்டால் எழுந்து பால் கொடுப்பாள், துணி மாற்றுவாள், திரும்பவும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். பேச்சில்லை. ஒரு சாயங்காலம் அவன் வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "இவன யாருக்காவது குடுத்துடுங்க. எனக்கு இவனப் பாத்தா ஒண்ணுமே தோணல" என்றாள். அழுதுகொண்டு சொல்லியிருந்தால் அவனும் சேர்ந்து அழுதிருப்பான். கடைக்குப் போகும்போது என்ன வாங்கி வர வேண்டும் என்று சொல்வது போலச் சொன்னாள். மறுநாள் அவன் பால்கனிக் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனான். பூட்டு எதற்கு என்று அவளும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

தடுப்பூசி போடப் போன இடத்தில் ஒரு நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெயரை எழுதிக்கொண்டாள். அடுத்த வாரமே திட்டக்கா படியேறி வந்துவிட்டார்.

பச்சைக் குழந்தை வைத்திருக்கும் வீடுகளுக்குப் போய், பெற்றவர்களுக்குத் துணை நிற்பதற்கென்று ஒரு திட்டம் இருந்தது. அந்தத் திட்டத்திலிருந்து வருகிற அக்கா ஆனதால் அவர் திட்டக்கா ஆகிவிட்டார். பெயரில் மட்டும்தான் திட்டு. அவர் யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசி எவரும் கேட்டதில்லை. ஐம்பது வயதிருக்கும். நாலு மாடி ஏறியதும் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார், அப்போதே பேச ஆரம்பித்துவிடுவார். பையிலிருந்து ஒரு விரிப்பை எடுத்துத் தரையில் போடுவார். குழந்தையைத் தான் தூக்கவே மாட்டார். "நான் தூக்கினா எங்கிட்ட ஒட்டிக்கும். அம்மாதானே தூக்கணும்" என்பார்.

முதல் நாளே சட்டம் போட்டார். "தம்பி, நீங்களும் கேட்டுக்கங்க. இந்த வீட்டுல இனிமே குறைங்கற பேச்சே வரக் கூடாது. அவ செய்யறதுல எது நல்லா இருக்கோ அத மட்டும் சொல்லுங்க. மத்தத விட்டுடுங்க, தானா உதிரும்."

அது மட்டுமா, துரை கால் அசைத்தால் அதற்கு ஒரு அர்த்தம் சொல்வார், கொட்டாவி விட்டால் அதற்கு ஒரு வசனம். "'அம்மா, உன் குரல் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வருது'ன்னு சொல்றான் பாரும்மா." அப்பனுக்கு முதலில் இது கூத்தாக இருந்தது. ஆனால் சுவரைப் பார்த்துக் கிடந்தவள் வாரம் ஒரு தடவையாவது எழுந்து தலை வாரிக்கொண்டு உட்கார்ந்தாள். அது போதாதா? அவன் வாயைப் பொத்திக்கொண்டு அக்காவுக்கு டீ போட்டுக் கொடுத்தான்.

பிறகு அந்த நாள் வந்தது. விரிப்பில் தூங்கி எழுந்த துரை, கைகளைத் தூக்கித் தலையைக் குனிந்தான். அக்கா கைதட்டிவிட்டார். "அடேயப்பா! அம்மாவுக்கு சலாம் போடறாரு பெரிய மனுஷன்! பதிலுக்கு நீயும் ஒண்ணு போடும்மா." அவள் போட்டாள். துரை மறுபடி போட்டான். அவள் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. கல்யாணம் ஆன புதிதில் கேட்ட சிரிப்பு. சமையலறையில் நின்றிருந்தவன் பால் பொங்கி வழிவதைக்கூடப் பார்க்காமல் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். அன்று ராத்திரி அவள் குழந்தையைத் தன் பக்கம் போட்டுக்கொண்டு தூங்கினாள். அடுத்த ஞாயிறு அவன் பால்கனிப் பூட்டைக் கழற்றினான்.

இப்போது சொல்லுங்கள், அந்த சலாமைப் பார்த்து 'இது சரியில்லை' என்று எந்த வாயால் சொல்வான்?

சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தான். கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். சலாம் அதிகமாகிக்கொண்டு போனது. முன்பு காலையில் மட்டும் வந்தது. இப்போது எப்போது தூங்கி எழுந்தாலும் வந்தது. அதுகூடப் போகட்டும். துரை முன்பெல்லாம் கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டால் போதும், வாயெல்லாம் சிரிப்பாகத் தலையைத் திருப்புவான். அது நின்றுபோனது. கிலுகிலுப்பையைப் பிடுங்கிக்கொள்ளப் பாய்கிற கை பாயவில்லை. முகத்துக்கு நேரே குனிந்தால், நம்மைத் தாண்டிப் பின்னால் நிற்கும் யாரையோ பார்ப்பது போலப் பார்த்தான். ஒரு தடவை அப்பன் நிஜமாகவே திரும்பிப் பார்த்தான். பின்னால் அலமாரிதான் இருந்தது.

"என்ன, துரை சிரிக்கவே மாட்டேங்கறான்?" என்று ஒரு நாள் பட்டும் படாமலும் கேட்டுப் பார்த்தான்.

அவள் துணி மடிப்பதை நிறுத்தினாள். அவள் கை அப்படியே நின்றதைப் பார்த்ததும், ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது அவனுக்கு.

"துரை ஏதோ யோசனையில இருக்காரு" என்றாள். பிறகு மடமடவென்று மடிக்க ஆரம்பித்தாள்.

"அது சரி. பெரிய மனுஷங்களுக்கு ஆயிரம் யோசனை" என்று சிரித்து மழுப்பினான்.

அந்த வாரம் அக்கா கிளம்பும்போது பையைத் தூக்கி வருகிற சாக்கில் கூடவே இறங்கினான். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நிறுத்தினான்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அந்த சலாம்… அது அவனா போடற மாதிரி எனக்குத் தெரியல. சிரிப்பும் குறைஞ்சுபோச்சு."

அக்கா அவன் தோளைத் தட்டினார். "தம்பி, முப்பது வீடு பாக்கறேன். முப்பது அப்பாவும் இதத்தான் கேக்கறாங்க. ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு விதம். ஒண்ணு ஓடும், ஒண்ணு உக்காந்து யோசிக்கும். அந்தப் பொண்ணு எங்க கிடந்தா, இப்ப எங்க நிக்கறா பாருங்க. அவ முன்னாடி மட்டும் இந்தப் பேச்ச எடுத்துடாதீங்க. மறுபடி விழுந்தா தூக்கறது கஷ்டம்."

கெட்ட மனுஷி இல்லை அவர். முப்பது வீடுகளிலும் நல்லதை மட்டுமே தேடித் தேடி, அவருடைய கண்ணுக்கு வேறெதுவும் தட்டுப்படாமல் போயிருந்தது. அவனுக்குப் புத்தி எங்கே போனது என்று கேட்டால் அதற்கும் பதில் உண்டு. பயந்தவன் கையில் ஆறுதலைக் கொடுத்தால் அதைத் திருப்பித் திருப்பியா பார்ப்பான்? கும்பிடாத குறையாக வாங்கிக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாண்டி மேலே ஏறிப் போனான். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினான். இதை நினைத்து அவன் பிற்பாடு பல ராத்திரி தூங்கவில்லை.

மாதம் ஒரு தடவை திட்டத்துக் குடும்பங்களையெல்லாம் சுகாதார நிலையத்தின் கீழ்த்தளத்தில் ஒன்று சேர்ப்பார்கள். நீளமான கூடம். தரையில் ரப்பர் விரிப்பு, ஓரத்தில் பொம்மைப் பெட்டிகள், கூரையில் கடகடவென்று ஒரு மின்விசிறி. சனிக்கிழமையாக இருந்ததால் அவனும் கூடப் போனான். அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு, வாசலிலிருந்தே எல்லாரிடமும் பேசிக்கொண்டு வந்தாள். அக்கா அவளைக் கையைப் பிடித்து நடுவில் உட்கார வைத்தார். அவள்தான் அந்தக் கூடத்துக்கு அக்கா காட்ட விரும்பிய அத்தாட்சி. துரை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

வட்டமாக உட்கார்ந்திருந்த அம்மாக்களின் மடியில் கிடந்த மற்றக் குழந்தைகளை அப்பன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். துரையைவிடச் சின்னதுகள். ஒன்று அம்மாவின் மூக்கைப் பிடித்து இழுத்தது. ஒன்று பொம்மை உருண்ட திசையிலெல்லாம் கண்ணை உருட்டியது. ஒரு இரட்டைக் குழந்தைக்காரி ஒன்றைச் சமாளிப்பதற்குள் இன்னொன்று கவிழ்ந்து அவளைப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்தது.

துரை கண் விழித்தான்.

"எழுந்துட்டாரு! எல்லாரும் இங்க பாருங்க" என்றார் அக்கா. "இப்ப துரை அவங்க அம்மாவுக்கு சலாம் போடுவாரு. இந்த அம்மா எப்படிப் பதில் குடுக்கறான்னு பாருங்க. குழந்தையோட பேசறதுன்னா அதுதான்."

அவள் துரையை எதிரே விரிப்பில் கிடத்தினாள். சொல்லி வைத்தது போல் வந்தது. கை எழும்பி, தலை குனிந்தது. கூடமே கைதட்டியது. அவள் பதில் சலாம் போட்டாள். அடுத்தது வந்தது. கைதட்டல். அடுத்தது. துரை இடையில் வீறிட்டான். அந்த அழுகை பாதியில் அறுந்து அடுத்த சலாம் வந்தது. அது முடிந்ததும் அழுகை விட்ட இடத்தில் தொடர்ந்தது. கண்ணின் கருமணி மேலே ஏறி வெள்ளை மட்டும் தெரிந்தது.

முதலில் கைதட்டலை நிறுத்தியவள் இரட்டைக் குழந்தைக்காரி. இரண்டு பிள்ளைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்திலிருந்தவள் நிறுத்தினாள். அப்புறம் அவளுக்கு அடுத்தவள். சத்தம் வட்டம் சுற்றி ஒவ்வொருவராக அணைந்து வந்து அக்காவிடம் நின்றது. அக்காவின் கைகள் தட்டாமல் சேர்ந்தபடியே இருந்தன. மின்விசிறிச் சத்தத்தின் நடுவில் துரை போட்டுக்கொண்டே இருந்தான். அவள் ஒருத்தி மட்டும் ஒவ்வொன்றுக்கும் குனிந்து குனிந்து பதில் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்தது சிரிப்பே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பு மாதிரி ஒன்றை அங்கே பிடித்து வைத்திருந்தாள்.

"போதும்!" என்று அவன் கத்தினான். தன் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "நிறுத்து. அது சலாம் இல்ல."

பாதி குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"தெரியும்" என்றாள்.

அக்காதான் வாடகைக் கார் பிடித்தார். முன் சீட்டில் ஏறிக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரியின் பெயரை ஓட்டுநரிடம் சொன்னார். பின்னால் அவள் மடியில் துரை அயர்ந்து தூங்கினான்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்றான் அவன். கேட்கக் கூடாத ஆள் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டான்.

"நீங்க ஏன் சொல்லல?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான்.

"நான் சிரிச்சேன். நீங்க வயிறாரச் சாப்பிட்டீங்க. பால்கனிப் பூட்டக் கழட்டினீங்க" என்றாள். "பூட்டு எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? இவனுக்கு ஏதோ ஆகுதுன்னு நான் சொன்னா என்ன நினைப்பீங்க? இவளுக்கு மறுபடி புத்தி பிசகிடுச்சும்பீங்க. திரும்பப் பூட்டு தொங்கும். அக்காவும் பாவம்னு பாப்பாங்க. அதனால பதில் சலாம் போட்டேன். தினமும் போட்டேன். ஒவ்வொண்ணுக்கும் இதோட நின்னுடணும் சாமின்னு வேண்டிக்கிட்டுத்தான் போட்டேன்."

முன் சீட்டிலிருந்து அக்கா திரும்பாமலே சொன்னார். "நான்தானேம்மா அதுக்கு அந்தப் பேர வச்சேன்."

மூளை மருத்துவர் இளவயதுப் பெண். துரையின் தலையில் ஒயர்களை ஒட்ட வைத்து எடுத்த கோடுகளை நெடுநேரம் பார்த்தார். எல்லாம் ஏறுக்குமாறாக இருந்ததை மெக்கானிக்குக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இது ஒரு வகை வலிப்பு. பாத்தா வலிப்பு மாதிரியே தெரியாது. அதனால நிறைய பேர் ஏமாந்துடறாங்க" என்றார். "எப்பலேருந்து இருக்கு?"

அவன் வாய்க்குள் கணக்குப் போட்டான். அவள் முந்திக்கொண்டாள்.

"நான் சிரிச்ச அன்னிலேருந்து."

மருத்துவர் புரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஏழு வாரம் இருக்கும் டாக்டர்" என்றார் அக்கா.

"ஏழு வாரம்" என்று மருத்துவர் திருப்பிச் சொன்னார். தாளில் குறித்துக்கொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது மூவருக்கும். "இன்னிக்கே ஊசி ஆரம்பிக்கணும். வலிப்பு பெரும்பாலும் நின்னுடும். ஆனா இவன் சிரிச்சான், பார்த்தான், பொருளப் பிடிச்சான்னு சொல்றீங்களே, அதெல்லாம் திரும்ப வரலாம். முழுசா வராமலும் போகலாம். இந்த வியாதில ஒவ்வொரு நாளும் முக்கியம். இப்போதைக்கு என்னால அவ்வளவுதான் சொல்ல முடியும்."

ஊசி வேலை செய்தது. இரண்டாவது வாரத்தில் துரை தூங்கி எழுந்தான், ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மருந்தில் கன்னம் உப்பி, காரணமில்லாமல் எரிச்சல்பட்டு அழுதான். அழாத நேரத்தில் அசையாமல் கிடந்தான். மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி நின்று அந்த அமைதியைப் பார்த்தார்கள். அக்கா பழக்கதோஷத்தில், "பாரும்மா, எவ்வளவு சமர்த்தா…" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு, நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வார்டில் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் கட்டில் கம்பியை இறக்கிவிட்டு, துரையின் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"என்னங்க, இங்க வாங்க. உண்மையச் சொல்லுங்க. என்னப் பாக்கறானா?"

அவன் வந்து அவள் தோளுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தான். துரையின் கண் திறந்திருந்தது. அதில் அவள் முகம் சின்னதாகத் தெரிந்தது. 'பாக்கறானே, நல்லாப் பாக்கறானே' என்பது நாக்கு நுனிவரை வந்தது. ஏழு வாரமாகப் பழகிய நாக்கு.

"இல்ல" என்றான். "பாக்கல."

சொல்லிவிட்டு அவளைப் பார்க்கப் பயந்து, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் இப்போது திரும்பிவிடுவாள், படுத்துவிடுவாள், இனி எழுந்திருக்க மாட்டாள் என்று காத்திருந்தான்.

"ஆமா. எனக்கும் அப்படித்தான் தெரியுது" என்றாள் அவள். துரையின் தலைக்கடியில் மடங்கியிருந்த துணியை இழுத்துச் சரி செய்தாள். ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, மறுபடி குனிந்தாள். "நாளைக்கும் கேப்பேன். நாளைக்கும் உண்மையத்தான் சொல்லணும்."

அவள் விழவில்லை. கால் வலிக்க, முதுகு வலிக்க, அந்தப் பார்க்காத கண்களுக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். இந்தத் தெம்பு இன்றைக்குப் புதிதாக வந்ததில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஏழு வாரமும் இது அவளிடம் இருந்திருக்கிறது. உனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று அவளிடம் எப்போதாவது சொல்லலாம் என்று வைத்திருந்தான். அதை இனி அவளிடம் என்ன, தனக்குத்தானேகூட அவனால் சொல்லிக்கொள்ள முடியாது.